தவறணையிற் பிறந்த வீடு

சீட்டு என்றதும் நம்மிற் சிலர் முகஞ் சுளிப்பதுண்டு. சீட்டுக் காசுடன் தலைமறைவானவர் பற்றிய கதை இல்லாத ஊர் யாழ்ப்பாணத்தில் இல்லை எனலாம். ஆயினும், வங்கியின் வாசற்படியை மிதித்தறியாத நம் தாய்மார் பலர் மகளுக்கு நகையும் வீட்டுக்கு ஓடும் தேடிக்கொண்டது இந்தச் சீட்டுக் காசிலேதான் என்பதை மறுத்தல் இயலாது. பத்துப் பேர் கூடுவர். மாதந்தோறும் ஒரு தொகை போடுவர். குலுக்கலில் எவர் பெயர் வருகிறதோ அவர் முழுத்தொகையையும் எடுத்துச் செல்வர். அவசரக்காரர் கழிவு கொடுத்து ஏலத்தில் எடுப்பர். முத்திரை இல்லை, நொத்தாரிசு இல்லை. அயலவரின் முகமே உறுதி.

அண்மையில், என்னோடு கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் தமது முதல் வீட்டுக்காகக் கடன் பெற்றார். அவருக்குப் பிணை நின்றவருள் நானும் ஒருவன். கடன் பத்திரத்தின் பக்கந்தோறும் ஒப்பமிட்டுக்கொண்டு வந்தவர் இடையிலே பேனாவை நிறுத்தி, "சேர், இது உண்மையிலை ஆற்றை காசு?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். கடன் கொடுத்த அலுவலரும் சிரித்தார். வீடு திரும்பும் வழியில், அது சிரித்துக் கழிக்கத்தக்க கேள்வியன்று என்பது எனக்குப் புலப்பட்டது. வீட்டுக் கடனின் வரலாற்றை அந்த ஒரு கேள்வியைக் கைவிளக்காகக் கொண்டே படித்துவிடலாம். உழைப்போர் தம் சேமிப்பைத் திரட்டித் தாமே வீடு வாங்கும் ஏற்பாடு, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வளர்ந்தும் திரிந்தும் வந்துள்ள நாடு இங்கிலாந்து. ஆதலின் அந்நாட்டின் கதையையே ஈண்டு எடுத்துக்கொள்கிறேன்.

பேர்மிங்காம் நகரில் ஸ்னோ ஹில் என்னும் பகுதியில் 'கோல்டன் கிராஸ்' என்றொரு தவறணை இருந்தது. அதனை நடத்தியவர் றிச்சர்ட் கெட்லி. நாம் அறிந்த கட்டடச் சங்கங்களுள் முதலாவது, 1775 ஆம் ஆண்டில் அவருடைய தவறணையிலேதான் கூடியது. மத்தியூ போல்ற்றனும் ஜேம்ஸ் வாற்றும் நீராவிப் பொறி செய்வதற்குக் கூட்டுச் சேர்ந்ததும் அதே ஆண்டில், அதே நகரிலேதான். இவ்விரண்டும் தற்செயலாக ஒருங்கு நிகழ்ந்தவை அல்ல. பொத்தானும் கொளுவியும் துப்பாக்கியும் செய்யும் பட்டறைகள் பெருகப் பெருக, நாட்டுப்புறத்திலிருந்து ஆட்கள் வந்து குவிந்தனர். அவர்கள் குடியிருக்க வீடு இல்லை. வங்கிகள் வணிகருக்குக் கடன் கொடுத்தனவேயன்றிக் கொல்லனுக்குக் கொடுக்கவில்லை. அரசு வீடு கட்டித் தரும் என்ற எண்ணம் அக்காலத்தில் எவருக்கும் கனவிலும் தோன்றவில்லை.

தவறணைக்காரர் ஏன் இதில் முன்னின்றார் என்று கேட்கலாம். காரணம் எளிது. மாதந்தோறும் இருபது முப்பது பேர் தவணைப் பணத்துடன் வந்து கூடினால், அவர்கள் தாகத்துடன் திரும்பிச் செல்லமாட்டார்கள். பிற்காலத்தில் மதுவிலக்குப் பேசிய பெரியோர் பலர் கட்டடச் சங்கங்களை நடத்தினர். தமது சங்கத்தின் மூதாதை ஒரு தவறணைப் பீப்பாவின் அருகே பிறந்ததை நினைவுகூர்வதில் அவர்களுக்குச் சற்றுக் கூச்சம் இருந்திருத்தல் வேண்டும்.

அச்சங்கங்களின் கணக்கு நம் சீட்டுக் கணக்கேயாகும். ஓர் உதாரணத்தால் விளக்குவோம். இருபது பேர் சேர்ந்து, ஆளுக்கு மாதம் ஒரு பவுண் போடுகின்றனர் என்று கொள்வோம். ஒரு வீட்டின் செலவு நூறு பவுண். ஐந்து மாதத்தில் முதல் வீட்டுக்குரிய பணம் சேர்ந்துவிடும். குலுக்கலிலோ ஏலத்திலோ ஒருவர் அதைப் பெறுவார். அடுத்த ஐந்து மாதத்தில் இரண்டாம் வீடு. இவ்வாறு நூறு மாதங்களில், அதாவது எட்டு ஆண்டும் நான்கு மாதமும் கழிய, இருபதாமவருக்கும் வீடு கிடைத்துவிடும். வீடு பெற்றவரும் தவணையை நிறுத்துதல் கூடாது. அவர் பெற்றது தமக்குப் பின்னால் நிற்பவரின் காசு. தம் வீட்டில் இருந்துகொண்டு அவர் செலுத்துவது பின்னவரின் வீட்டுக்கான காசு. எல்லோருக்கும் வீடு கிடைத்ததும் சங்கம் கலைந்துவிடும். ஆகவேதான் இவற்றை 'முடிவுறு சங்கம்' என வழங்கினர். தன் வேலை முடிந்ததும் தானே மறைந்துபோகும் நிதி நிறுவனம் ஒன்றை இன்று கற்பனை செய்வதே கடினம்.

லங்காஷயர் மாவட்டத்தில் லோங்றிட்ஜ் என்னும் ஊர் உண்டு. அங்கே 1793 இல் இத்தகைய சங்கம் ஒன்று தோன்றியது. 1804 அளவில் அது இருபது வீடுகளைக் கட்டி முடித்தது. அந்தக் கல்வீடுகள் 'சங்க வரிசை' என்னும் பொருள்படும் பெயருடன் இன்றும் ஒரே நிரையாக நிற்கின்றன. இந்த நாட்டவருக்கு நிரை வீடு என்றதும் நினைவுக்கு வருவது வேறொன்று. மலையகத்து லயன்களும் ஒரே நிரைதான்; ஒரே சுவர்தான். ஆனால் லயனின் சுவர் தோட்டத்துக்குச் சொந்தம். லோங்றிட்ஜ் வீடுகளின் சுவரோ அதற்குள் இருந்தவருக்குச் சொந்தம்.

இந்தச் சித்திரத்தை அளவுக்கு மீறி அழகுபடுத்துவதும் தவறு. பேர்மிங்காம் சங்கங்களிற் சேர்ந்தோர் தேர்ந்த கைவினைஞர், சிறு பட்டறை உடையோர், கடைக்காரர் ஆகியோரே. நாட்கூலிக்கு மண் சுமந்தவனோ, ஆலையில் நூல் முடிந்த பெண்ணோ மாதத் தவணைக்குக் காசு மிச்சம் பிடித்தல் இயலாத காரியம். பத்துப் பேர் சீட்டிலும் பதினோராவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போடுவதற்கு ஒன்றுமில்லை. கட்டடச் சங்கங்களின் புகழ் பாடிய விக்ற்றோரியா காலத்து நூலோர் இந்தப் பதினோராவது ஆளைக் கண்டதாகத் தெரியவில்லை.

வீடு என்பது அக்கால இங்கிலாந்தில் கூரையும் சுவரும் மட்டுமன்று. அது வாக்குரிமையும் ஆகும். 1430 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், ஆண்டுக்கு நாற்பது சிலிங் வருமானம் தரத்தக்க முழு உரிமைக் காணி உடையவனே மாவட்டத் தொகுதியில் வாக்களிக்கலாம் என்று விதித்தது. நாற்பது சிலிங் என்பது பதினைந்தாம் நூற்றாண்டிற் பெருந்தொகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் மதிப்புத் தேய்ந்து, சிறு காணித் துண்டே அதற்குப் போதுமானதாயிற்று. நிலப்பிரபுக்கள் தமக்கு அரணாக எழுப்பிய மதிலில் காலமே ஒரு பொட்டு வைத்துவிட்டது. அந்தப் பொட்டின் வழியே நுழையலாம் என்பதைக் கண்டவர்களுள் ஒருவர் பேர்மிங்காமைச் சேர்ந்த ஜேம்ஸ் ரெயிலர். 1847 இல் அவர் அங்கே காணிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். பெரிய வளவு ஒன்றை மொத்த விலைக்கு வாங்குவது; அதைத் துண்டுகளாகப் பிரிப்பது; வாங்கிய விலைக்கே உறுப்பினருக்குத் தவணையிற் கொடுப்பது; ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வாக்கு. இரண்டாண்டுகளின் பின், 1849 இல், றிச்சர்ட் கொப்டன் முதலியோர் இதே நோக்கத்துடன் தேசிய அளவில் ஒரு காணிச் சங்கத்தை நிறுவினர். அச்சங்கத்தின் பெயரை வாசகர் மனங்கொள்ள வேண்டும். பின்னர் அதனை மீண்டும் சந்திக்க நேரும்.

கொப்டன் ஆலை முதலாளிகளின் தலைவர். நிலப்பிரபுவின் தொகுதியைக் கைப்பற்றுவதே அவர் குறி. தொழிலாளர் தரப்பில், சாசன இயக்கத்தின் தலைவருள் ஒருவரான பியர்கஸ் ஓ'கொனர் 1845 இலேயே வேறொரு காணித் திட்டத்தைத் தொடங்கிவிட்டார். அனைத்து ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்டுச் சாசன இயக்கத்தார் 1839 இலும் 1842 இலும் இலட்சக்கணக்கான கையொப்பங்களுடன் சமர்ப்பித்த மனுக்களைப் பாராளுமன்றம் தள்ளிவிட்டது. ஆலையில் ஊதியம் குறைந்துகொண்டிருந்தது. ஆலையை விட்டு நிலத்துக்குப் போவோம் என்றார் ஓ'கொனர். தொழிலாளர் பென்சு பென்சாகச் செலுத்தும் பணத்தில் காணி வாங்கி, இரண்டு, மூன்று, நான்கு ஏக்கர்த் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வீடு கட்டி, குலுக்கலில் வந்தவரைக் குடியேற்றுவது அவருடைய திட்டம். ஏறத்தாழ 70,000 பேர் பணம் கட்டினர். நெசவாளர், சப்பாத்துத் தைப்போர், சுரங்கத் தொழிலாளர், வேலைக்காரிகள் எனப் பலரும் அதில் இருந்தனர். பேர்மிங்காம் சங்கங்கள் காணாத பதினோராவது ஆள் இங்கேதான் முதன்முதலாக வரிசையில் வந்து நின்றான்.

1847 மே முதலாந் திகதி, இலண்டனுக்கு வடமேற்கே றிக்மன்ஸ்வேத் என்னும் ஊருக்கு அண்மையில், முதற் குடியேற்றத்தார் தம் வீடுகளிற் புகுந்தனர். அவ்விடத்துக்கு ஓ'கொனர்வில் என்று பெயரிட்டனர். குடியேற்றங்களிற் பள்ளிக்கூடமும் கட்டினர். தவறணைக்கு இடமளிக்கவில்லை! இத்தகைய ஐந்து குடியேற்றங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்றாகிய கிறேற் டொட்போட்டில் ஒரு வீடு இன்றும் பழைய நிலையிலேயே பேணப்பட்டு வருகின்றது.

ஆனால் கணக்கு உதைத்தது. எழுபதினாயிரம் பேர் பணம் கட்ட, வீடு பெற்றவர் ஏறத்தாழ 250 பேர் மட்டுமே. இருநூற்றெண்பது பேருக்கு ஒருவர்! இருபது பேர் சீட்டில் இருபதாவது ஆள் எட்டு ஆண்டு பொறுத்திருப்பான். இங்கே கடைசி ஆளின் முறை வருவதற்கு அவன் பேரப்பிள்ளைகளும் போதாது. 1848 இல் பாராளுமன்றக் குழு ஒன்று விசாரித்துத் திட்டம் சட்டத்துக்கு அமைந்ததன்று என்றது. ஓ'கொனர் பணத்தைத் திருடவில்லை என்பதையும், மாறாக அவரே தம் சொந்தப் பணத்தைப் போட்டிருந்தார் என்பதையும் அதே குழு கண்டது. 1851 இல் கம்பனி சட்டத்தால் கலைக்கப்பட்டது. ஓ'கொனர் சித்தங் கலங்கி, 1855 இல் மறைந்தார். குலுக்கல் சட்டவிரோதம் என்று கண்ட அதே பாராளுமன்றம், செல்வரின் புகையிரதப் பங்குச் சூதாட்டத்தில் 1845, 1846 ஆம் ஆண்டுகளில் எத்தனையோ கம்பனிகளுக்கு அனுமதி வழங்கியிருந்தது என்பதையும் இங்கே குறிப்பிடாமல் விடுதல் இயலாது.

சாசன இயக்கத்துள்ளேயே இத்திட்டத்தை எதிர்த்தவர் இருந்தனர். அவர்களுள் முதன்மையானவர் புறொன்ரெயர் ஓ'பிறையன். சிறு காணி பெற்ற தொழிலாளி நாளடைவிற் சிறு உடைமையாளனாகி, தன்னை ஒடுக்கும் அமைப்புக்கே காவலனாவான் என்பது அவர் அச்சம். இந்த அச்சம் இடதுசாரிகளிடையே இன்றுவரை நீடித்து வருகின்றது. நம் ஆசிரியர் சங்கத்துக் கூட்டங்களிலும், "வீட்டுக்கடன் எடுத்தவன் வேலைநிறுத்தத்துக்கு வரமாட்டான்" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் கூற்றிலுள்ள உண்மை எவ்வளவு என்பதைப் பின்னர் நோக்குவோம்.

ஓ'கொனரின் திட்டம் நடந்துகொண்டிருந்த அதே 1840களில், கிழக்கு இலண்டனின் பொப்ளர்ப் பகுதியில் தோமஸ் பௌகெற் என்னும் வைத்தியர் வேறொரு முறையை வகுத்தார். அவரும் சாசன இயக்கத்தவரே. வட்டியே இல்லாமல், உறுப்பினர் சிறு தவணைகளால் நிதி திரட்டிக் குலுக்கல் மூலம் கடன் பெறுவது அவர் முறை. நம் சீட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிச் சென்றதோ என ஐயுறத்தக்க ஒற்றுமை! ஆனால் அப்படி எண்ணுவதற்கு ஆதாரம் ஏதுமில்லை. ஏழைகள் எங்கிருந்தாலும் ஒரே கணக்கைத்தான் கண்டுபிடிக்கிறார்கள். பின்னர் ஸ்ரார் என்பவர் இம்முறையைச் சற்று மாற்றி, சங்கம் தொடங்கிக் கொடுப்பதையே தொழிலாக்கிப் பொருளீட்டினார். வைத்தியரின் பெயருக்கு முன்னே அவர் பெயரும் ஒட்டிக்கொண்டது. 1894 ஆம் ஆண்டுச் சட்டம் புதிய சங்கங்கள் குலுக்கல் மூலம் கடன் வழங்குவதைத் தடைசெய்தது.

இனி, இக்கதையின் திருப்பத்துக்கு வருவோம். அது ஒரு போராட்டமோ சட்டமோ அன்று. கணக்குப் புத்தகத்தில் நேர்ந்த ஒரு மாற்றம். முடிவுறு சங்கத்தில் இடையிற் சேர விரும்பியவன் தொடக்கம் முதல் உள்ள தவணைகளை ஒருங்கே கட்ட வேண்டியிருந்தது. கடைசி ஆண்டுகளில் சங்கத்திற் பணம் இருக்கும். கடன் கேட்பார் இருக்கமாட்டார். இக்குறைகளைப் போக்க, 1845 அளவில் 'நிரந்தரச் சங்கம்' தோன்றியது. ஆதர் ஸ்கிராச்லி என்னும் கணிதர் 1849 இல் இதனை விளக்கி நூல் எழுதினார். இப்புதிய முறையில், வீடு வேண்டாதவனும் வட்டிக்காகப் பணம் வைப்பிடலாம். பணம் போடாதவனும் வந்து கடன் பெறலாம். எவரும் எப்போதும் சேரலாம், விலகலாம். சங்கம் கலைவதே இல்லை.

இது முன்னேற்றமா? ஐயமின்றி முன்னேற்றமே. காத்திருத்தல் ஒழிந்தது. குலுக்கலில் தோற்றவன் எட்டாண்டு வாடகை வீட்டிற் கிடந்து வாட வேண்டிய நிலை நீங்கியது. ஆயினும், இதனால் ஒன்று இழக்கப்பட்டது. முடிவுறு சங்கத்தில் கடன் கொடுப்பவனும் வாங்குபவனும் ஒரே ஆள். இவ்வாண்டு கொடுப்பவன் அடுத்த ஆண்டு வாங்குவான். வட்டியை உயர்த்தினால் தன் தலையிலேயே விழும் என்பதை ஒவ்வொருவனும் அறிவான். நிரந்தரச் சங்கத்திலோ ஒரே கூரையின் கீழ் இரு கூட்டத்தார் உருவாயினர்: உயர்ந்த வட்டி வேண்டும் என்போர் ஒருபுறம், தாழ்ந்த வட்டி வேண்டும் என்போர் மறுபுறம். இருவருக்கும் நடுவே முகாமையாளரும் கந்தோரும் தோன்றினர். "இது ஆற்றை காசு?" என்ற கேள்வி கெட்லியின் தவறணையில் எழுந்திருக்க நியாயமில்லை, சுற்றியிருந்த முகங்களே அதற்கு விடை. அக்கேள்விக்கு முதன்முதலாக இடமுண்டானது 1845 இலேயாகும்.

இருபத்தேழு ஆண்டுகளின் பின், 1872 இல், ஏங்கல்ஸ் 'வீட்டுப் பிரச்சினை' பற்றி ஜேர்மன் இதழொன்றில் எழுதிய கட்டுரைகளிலே கட்டடச் சங்கங்களையும் ஆராய்ந்தார். சிறு உடைமையாளரின் சேமிப்புக்கு நல்ல வட்டி தேடிக்கொடுப்பதே அவற்றின் முதன்மை நோக்கம் என்று அவர் கண்டார். அது நிரந்தரச் சங்கத்தை நோக்கிக் கூறிய கூற்று என்ற அளவில் மிகவும் பொருந்தும். வீடு தொழிலாளியை ஓரிடத்திற் கட்டிப்போடும் என்பதும், முதலாளி கொடுக்கும் வீடு வேலைநிறுத்தத்தின்போது அவனுக்கு எதிரான ஆயுதமாகும் என்பதும் அவர் எடுத்துக்காட்டிய வேறு உண்மைகள். பின்னதைப் புரிந்துகொள்ள நம் மாணவர்க்கு ஜேர்மன் உதாரணம் தேவையில்லை. அற்றனுக்கோ பதுளைக்கோ போய் வந்தால் போதும். வேலை போனால் கூரையும் போகும் என்ற அச்சத்தின் கீழ் எத்தனை தலைமுறை அங்கே கொழுந்து கிள்ளியது! ஆனால், தொழிலாளி தன் பெயரில் வாங்கும் வீட்டையும் முதலாளி கொடுக்கும் வீட்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது எனக்கு உடன்பாடன்று. முன்னதில் அவன் கடனாளி; பின்னதில் அவன் கைதி.

நூற்றாண்டின் இறுதிப் பகுதியை விரைவாகவே கடந்துவிடலாம். 'லிபறேற்றர்' என்னும் கட்டடச் சங்கம் 1868 இல் தோன்றி நாட்டிலேயே மிகப் பெரியதாய் வளர்ந்தது. தேவாலயத்துக்குச் செல்லும் சிறு சேமிப்பாளரின் பணம் அதில் நிறைந்திருந்தது. அதன் சூத்திரதாரி ஜபேஸ் பல்பர் என்னும் பாராளுமன்ற உறுப்பினர். அப்பணத்தைத் தம் சொந்தக் கம்பனிகளின் கட்டட வியாபாரத்திற் சுழற்ற, 1892 இல் அனைத்தும் சரிந்தது. பல்பர் ஆர்ஜென்ரீனாவுக்கு ஓடினார்; பிடித்துக்கொண்டுவந்து, 1895 இல் பதினான்கு ஆண்டுச் சிறை விதித்தனர். சீட்டுக் காசுடன் ஓடுபவர் நம் ஊரில் மட்டும் இல்லை.

முதல் உலகப் போரின்போது, 1915 இல், கிளாஸ்கோ நகரப் பெண்கள் வாடகை கொடாப் போராட்டம் நடத்தி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பெற்றனர். வாடகைக்கு வீடு கட்டுவதில் முன்போல் இலாபம் இல்லை என்றாயிற்று. முதல் வீட்டுக்கு உரியோரை உருவாக்குவதே இனி இலாபம் என்று கட்டட முதலாளிகள் கண்டனர். 1919 இலிருந்து 1939 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ நாற்பது இலட்சம் வீடுகள் எழுந்தன. அவற்றுட் பெரும்பகுதி விற்பனைக்காகத் தனியார் கட்டியவை. 1932 இல் வங்கி வட்டி நூற்றுக்கு இரண்டாக இறங்கியதும் கட்டட வேலை பெருவெள்ளமாகப் பெருகிற்று. கட்டுவோர் ஒரு தந்திரமும் செய்தனர். கட்டடச் சங்கத்திடம் தாமே ஒரு வைப்புப் பணத்தை ஈடாகக் கட்டிவிடுவர். அதை நம்பிச் சங்கம் வீட்டு விலையின் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வரை கடன் கொடுக்கும். வாங்குபவர் கையிலிருந்து ஐந்து கொடுத்தாற் போதும். கூலி பெறுவோர் முதன்முறையாகப் பெருந்தொகையில் வீட்டுக்காரராயினர். சிக்கல் யாதெனில், வீடு நல்லதா என்று பார்க்கும் அக்கறை சங்கத்துக்கும் இல்லாமற் போயிற்று. விளைவு, ஒழுகும் கூரையும் ஈரங் கசியும் சுவரும்.

கென்ற் மாவட்டத்து வெஸ்ற் விக்கத்தில் அத்தகைய ஒரு வீட்டை 1934 இல் வாங்கியவர் எல்சி போடர்ஸ் அம்மையார். கணவர் வாடகைக் கார் ஓட்டுநர். கம்யூனிஸ்ற் கட்சியைச் சேர்ந்தவர். வீட்டின் குறைகளைத் திருத்தித் தரும்படி கேட்டும் பயனில்லாமற் போகவே, 1937 இல் அம்மையார் தவணைப் பணத்தை நிறுத்தினார். கடன் கொடுத்த பிராட்போட் நகரத்துச் சங்கம் வீட்டைக் கைப்பற்ற வழக்குத் தொடுத்தது. அம்மையார் சட்டத்தரணியை அமர்த்தவில்லை. உயர் நீதிமன்றத்திலே தாமே நின்று வாதாடினார். கட்டுபவருடன் கூடி, வீடு செம்மையானது எனப் பொய்த் தோற்றங் காட்டிச் சங்கம் தம்மை ஏமாற்றியது என்பது அவர் வாதம். பத்திரிகைகள் அவரை 'இக்காலப் போர்ஷியா' என்றன. 'வெனிஸ் வணிகன்' படித்த மாணவர், கடன் பத்திரத்தை எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்டிய அந்தப் பாத்திரத்தை மறந்திருக்கமாட்டார்கள். போர்ஷியாவாவது வேடமிட்டு வந்தாள். இந்த அம்மையாரோ தம் சொந்தப் பெயரிலே வந்தார்.

அவர் தனியாகவும் நிற்கவில்லை. ஒரே கட்டுபவர், ஒரே வகைக் குறைகள், ஒரே தெரு. அயல் வீட்டவரும் தவணையை நிறுத்தினர். பிற குடியிருப்புகளுக்கும் அது பரவிற்று. வாடகை வேலைநிறுத்தம் கண்ட நாடு, இப்பொழுது ஈட்டுக்கடன் வேலைநிறுத்தத்தைக் கண்டது. 1939 இல் முதல் நீதிமன்றம் சங்கத்தின் கோரிக்கையையும் ஏற்கவில்லை; அம்மையாரின் எதிர்க்கோரிக்கையையும் ஏற்கவில்லை. மேன்முறையீட்டில் அவருக்கு ஓரளவு வெற்றி கிட்டியது. 1941 இல் பிரபுக்கள் சபை சங்கத்துக்குச் சார்பாகத் தீர்த்துவிட்டது. எனினும், வழக்கு எழுப்பிய கிளர்ச்சியின் நடுவே, 1939 இலேயே பாராளுமன்றம் கட்டுவோரின் ஈட்டு வைப்பு முறைக்கு வரம்பு கட்டிச் சட்டம் இயற்ற நேர்ந்தது.

ஓ'பிறையனின் அச்சத்துக்கு இங்கே ஒரு விடை இருக்கிறது. வீட்டுக் கடன் மனிதனைப் பணியச் செய்வதும் உண்டு. அவன் தனியே, ஒரு மேசையின் முன்னே, ஒப்பமிடும்போது அது நிகழ்கிறது. அதே கடன் ஒரு தெரு முழுவதுக்கும் பொதுவானது என்று தெரிந்ததும், தவணைப் புத்தகமே அங்கத்துவ அட்டையாகிவிடுகிறது. வெஸ்ற் விக்கத்தார் உடைமையாளரானபின் அமைதியாகிவிடவில்லை. உடைமையாளர் என்று சொல்லித் தம்மை ஏமாற்றியதையே எதிர்த்து எழுந்தனர். வேலைநிறுத்தத்துக்கு வராத கடனாளி ஆசிரியரைக் கடிந்துகொள்வதற்கு முன், அவரோடு கடன்பட்ட ஏனையோர் எவரெவர் என்று நம் சங்கங்கள் என்றாவது விசாரித்தது உண்டா?

போருக்குப் பிந்திய கதை பலரும் அறிந்ததே. கொப்டன் முதலியோர் 1849 இல் வாக்குரிமைக்காக நிறுவிய அந்தத் தேசியச் சங்கம், 1944 இல் வேறொரு சங்கத்துடன் இணைந்து 'அபி நஷனல்' ஆயிற்று. 1986 இல் தச்சர் அம்மையாரின் அரசு இயற்றிய சட்டம், கட்டடச் சங்கங்கள் உறுப்பினர் வாக்களித்தால் பங்குக் கம்பனிகளாக மாறலாம் என்றது. 1989 இல் முதலில் மாறியது அபி நஷனல். வாக்குக்காகப் பிறந்த சங்கம் ஒரு வாக்கெடுப்பிலே தன்னை விற்றுக்கொண்டது. 2004 இல் அது ஸ்பானிய வங்கி ஒன்றின் வசமாயிற்று. இவ்வாறு மாறிய சங்கங்களுள் ஒன்றேனும் இன்று தனித்து நிற்கவில்லை. மாறாது நின்ற சங்கங்கள் சில இன்றும் உறுப்பினர் உடைமையாகவே நடந்து வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

மாறியவற்றுள் 'நோதேர்ண் றொக்' ஒன்று. 1850 இலும் 1865 இலும் தோன்றிய இரு வடபுலச் சங்கங்கள் 1965 இல் இணைந்து உருவானது அது. 1997 இல் வங்கியானது. பின்னர் அது சேமிப்பாளரின் பணத்தை மட்டும் கடனாகக் கொடுக்கவில்லை. உலகப் பணச்சந்தையிற் குறுங்காலக் கடன் வாங்கி, அதை இருபத்தைந்து ஆண்டுக் கடனாக வீடு வாங்குவோருக்குக் கொடுத்தது. சிலருக்கு வீட்டு விலையின் நூற்றுக்கு நூற்றிருபத்தைந்து வரை கொடுத்தது. 2007 கோடையிற் சந்தை உறைந்ததும், செப்ரெம்பர் 14 ஆந் திகதி, நாடெங்கும் அதன் கிளைகளின் முன்னே சேமிப்பாளர் வரிசையில் நின்றனர். 1866 இன் பின் அந்நாடு காணாத காட்சி. சேமிப்புக்கு அரசு உத்தரவாதம் அளித்தது. 2008 பெப்ரவரியில் வங்கியையும் அரசுடைமையாக்கிற்று. முதலாளித்துவம் நோயுறும்போது மட்டும் அரசுடைமை மருந்தாகிவிடுகிறது.

சேமிப்பாளர் பிழைத்தனர். கடனாளிகள் என்ன ஆயினர்? 2015 நவம்பரில், அவ்வங்கியின் பழைய வீட்டுக் கடன்கள் உட்பட ஏறத்தாழ 1,300 கோடிப் பவுண் பெறுமதியான கடன்களை அரசு 'செர்பரஸ்' என்னும் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. கிரேக்கப் புராணத்திற் பாதாள வாயிலைக் காக்கும் நாய்க்கு அதே பெயர்; உள்ளே வருவோரை அது விடும், வெளியே போவோரை விடாது. கடனாளிகளின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. அவர்களிற் பலர் ஒழுங்காகத் தவணை செலுத்தியவர்கள். ஆயினும் இறுகிப்போன புதிய விதிகளின் காரணமாக வேறு வங்கிக்கு மாற இயலாமல், பிறர் செலுத்துவதிலும் உயர்ந்த வட்டியைச் செலுத்திக்கொண்டு தம் வீட்டிலேயே அகப்பட்டனர். 'ஈட்டுக்கடன் கைதிகள்' என்று அவர்களைப் பத்திரிகைகள் அழைத்தன. தம்மைப் போன்றோர் வேறு எங்கெங்கே உள்ளனர் என்று அவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தனர், சங்கமாகக் கூடினர், பாராளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் சென்றனர்.